கரடியின் முதுகுத் தையல்

அன்புள்ள அக்காவுக்கு,

ஓலைக் கிலுகிலுப்பை பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். எங்க அம்மாச்சியும் முடையும், உள்ளே சின்னக் கூழாங்கல் போட்டு. அதெல்லாம் ஞாபகம் வந்து சந்தோஷமாக இருந்தது. ஆனால் கடைசியில், "இப்போது பிள்ளைகள் கட்டிக்கொண்டு தூங்குவது மெஷின் துப்பிய பொம்மைகளை, மனுசக் கை படாத பொம்மைகளை" என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்ததும் மனசு விட்டுப்போச்சு.

நான் சென்னைக்குப் பக்கத்தில் ஏற்றுமதிக்கு பொம்மை தைக்கிற ஒரு கம்பெனியில் 4 வருடம் வேலை பார்த்தேன். முதலில் தையல் லைனில், அப்புறம் கைவேலையில். பஞ்சு அடைத்து வருகிற பொம்மைக்கு முதுகை மூடுவதுதான் என் வேலை. பீஸ் ரேட். எண்ணிக்கை வரவில்லை என்றால் எல்லார் முன்னாடியும் பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள். ஊசி ஏறி ஏறி விரல் நுனியில் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டுதான் தைப்போம். எந்த மெஷின் கரடியைத் துப்புகிறது என்று நீங்கள் சொல்ல வேண்டும். நான் பார்த்ததில்லை.

கல்யாணத்துக்கு அப்புறம் சின்னப்பாலத்துக்கே வந்துவிட்டேன். அம்மா இன்னும் பாசி எடுக்கக் கடலுக்குப் போகிறது. இங்கே நாங்கள் நாலு பேர் சேர்ந்து, ஆவுளியா (கடற்பசு) பொம்மை தைத்து ராமேஸ்வரம் கடைகளுக்குப் போடலாமா என்று பேசிக்கொண்டிருக்கிறோம். சரிவருமா? என் பேர் போட வேண்டாம்.

இப்படிக்கு,
பாம்பன் சின்னப்பாலத்திலிருந்து ஒரு வாசகி

அன்புத் தங்கச்சிக்கு,

நான் எழுதியது தப்பு. யோசிக்காமல் எழுதிவிட்டேன். எங்கள் அப்பத்தாவின் ஓலையைத் தூக்கிப் பிடிப்பதற்காக, இன்னொரு பெண்ணின் விரலே இல்லை என்று சொல்லியிருக்கிறேன். அந்த வரியைக் கட்டுரையிலிருந்து எடுத்துவிட்டேன். அது இருந்த இடத்தில் உங்கள் கடிதத்துக்கு இணைப்பு கொடுத்திருக்கிறேன். என்னை மன்னித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதம் வந்த ராத்திரி, என் மகள் சின்ன வயதில் வைத்திருந்த கரடியைப் பரணிலிருந்து இறக்கினேன். அவள் இப்போது வெளியூரில் படிக்கிறாள். போனில் கேட்டு, சரி என்று சொன்ன பிறகுதான் கத்தரிக்கோலை எடுத்தேன். நீங்கள் எழுதியிருந்ததால் முதுகில் தேடினேன். முடியை இரண்டு பக்கமும் ஒதுக்கிப் பார்த்தால்தான் அந்தத் தையல் தெரிகிறது. ஒரு விரல் நீளம்கூட இல்லை. மற்ற இடங்களில் ஓடுகிற சீரான மெஷின் தையல் அங்கே இல்லை. இந்தப் பக்கம் ஒரு எட்டு, அந்தப் பக்கம் ஒரு எட்டு என்று ஏணிப்படி மாதிரி நூல் போகிறது. நூலை இழுத்து இறுக்கியதில் படிகள் எல்லாம் துணிக்குள் போய்விட்டன. முடிச்சு எங்கே இருக்கிறது என்று கடைசி வரை எனக்குத் தெரியவில்லை.

பஞ்சை எடுத்துவிட்டு உள்பக்கத்தை வெளியே திருப்பினேன். துண்டுகளை எண்ணினேன். தலைக்கு மூன்று, காதுக்கு நாலு, உடம்புக்கு நாலு, கைக்கு நாலு, காலுக்கு நாலு, பாதத்துக்கு இரண்டு. மொத்தம் 21. ஒரு சாண் கரடிக்கு 21 துண்டு! கண்ணுக்குப் பின்னால் ஒரு காம்பு, அதைக் கவ்விப் பிடித்திருக்கும் வெள்ளை பிளாஸ்டிக் வளையம். இடது கையும் உடம்பும் சேர்கிற வளைவில் தையல் விளிம்பை விட்டு நழுவியிருக்கிறது. அதைப் பார்த்த யாரோ இரண்டு விரல் தூரம் பின்னால் வந்து, பக்கத்திலேயே இன்னொரு வரி ஓட்டியிருக்கிறார்கள். இந்தக் கரடியை என் மகள் பல வருடம் அந்த இடது கையைப் பிடித்துத்தான் வீடு முழுக்க இழுத்துக்கொண்டு திரிந்தாள். கை பிய்ந்ததே இல்லை. அந்த இரண்டாவது வரியைப் போட்டவர் யார், எந்த நாட்டுக்காரர் என்று எனக்குத் தெரியாது. உங்களைப் போல ஒருத்தர்.

உங்களுக்கு இதெல்லாம் தண்ணி பட்ட பாடு. படிக்கிற மற்றவர்களுக்காகக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

பொம்மைத் துணிக்கு முடி உண்டு, முடி சாய்கிற திசை உண்டு. வெட்டும்போது எல்லாத் துண்டுகளும் அந்தத் திசைக்கு ஒத்து வர வேண்டும். ஒரு காது மட்டும் தலைகீழாக வெட்டப்பட்டால், அதே துணியாக இருந்தாலும் வெளிச்சத்தில் வேறு நிறமாகத் தெரியும். தைக்கும்போது முடிப் பக்கம் உள்ளே இருக்கும். ஒரு கை துணியைத் தள்ள, இன்னொரு கையின் விரல் நுனி முடியை உள்ளுக்கு ஒதுக்கிக்கொண்டே போக வேண்டும், ஊசிக்கு அரை அங்குலம் முன்னால். துணியோ இழுத்தால் நீளும். தைக்கிற கோடு மூக்கு, காது, பாதம் என்று வளைந்துகொண்டே இருக்கும். அதனால்தான் இன்றைக்கும் இந்த வேலைக்கு ஆள் இல்லாத மெஷின் வரவில்லை. வெட்டுவதற்கு அச்சு வந்துவிட்டது, எம்பிராய்டரிக்குக் கம்ப்யூட்டர் வந்துவிட்டது, பஞ்சைக் காற்றில் ஊதி அடைக்கக் குழாய் வந்துவிட்டது. தொய்ந்து விழுகிற ஒரு துணியைப் பிடித்து வளைத்துத் தைக்க மனுசக் கைதான் வேண்டியிருக்கிறது. அப்புறம் திருப்ப வேண்டும், மூக்கிலும் கால் நுனியிலும் குச்சியால் பஞ்சு தள்ள வேண்டும், முதுகை மூட வேண்டும், தையலில் மாட்டிக்கொண்ட முடியை ஊசியாலோ சீப்பாலோ எடுத்துவிட வேண்டும். மெஷினில் ஓர் ஊசி உடைந்தால் அதன் எல்லாத் துண்டையும் தேடி எடுத்து, ஒரு தாளில் ஒட்டிக் காட்டினால்தான் புது ஊசி கொடுப்பார்கள். ஒரு துண்டு கிடைக்கவில்லை என்றால் அங்கே இருக்கிற பொம்மைகளை எல்லாம் நிறுத்திச் சோதிக்க வேண்டும். கடைசியில் ஒவ்வொரு பொம்மையும் உலோகம் கண்டுபிடிக்கிற கருவிக்குள் போய் வருகிறது. தொட்டிலில் கிடக்கிற குழந்தைக்கு இத்தனை பேர் காவல் நிற்கிறார்கள்.

இந்தத் தொழில் தொடங்கியதே ஒரு பெண்ணின் கையில்தான். ஜெர்மனியில் கீங்கன் என்ற சின்ன ஊர், மார்கரெட் ஷ்டைஃப் என்ற தையல்காரி. குழந்தையிலேயே போலியோ வந்து சக்கர நாற்காலியில் இருந்தவர். வலது கையும் சரியாக வராது. 1880இல் கம்பளித் துணியில் சின்ன யானை தைத்தார், ஊசி குத்தி வைக்கும் மெத்தையாக. பிள்ளைகள் அதை எடுத்து விளையாட ஆரம்பித்துவிட்டார்கள். அப்புறம் அவர் தம்பியின் மகன்களும் சேர்ந்து அது கம்பெனியானது. 1902இல் கை கால் அசைகிற கரடி வந்தது. 1907இல் மட்டும் 9,74,000 கரடிகள் செய்தார்கள். அசலைத் தெரிந்துகொள்ள ஒவ்வொன்றின் காதிலும் ஓர் உலோகப் பொத்தான். இன்றைக்குப் பழம்பொருள் சேர்க்கிறவர்கள் அந்தப் பொத்தானைத்தான் முதலில் பார்க்கிறார்கள். அத்தனை லட்சம் கரடிகளுக்கு முதுகு மூடியவர்களை நினைத்துப் பார்த்தேன். முடிச்சு தெரியாமல் இருந்தால்தான் நல்ல வேலை என்கிற தொழில் இது. அதனால்தான் என்னைப் போன்றவர்களுக்கு அந்தக் கை கண்ணிலேயே படாமல் போகிறது.

சில சமயம் அந்தப் பெண்கள் செத்த பிறகுதான் வெளியில் தெரிய வந்தார்கள். 1993 மே 10. தாய்லாந்தில் பாங்காக்கை ஒட்டிய நகோன் பதோமில், கேடர் பொம்மைத் தொழிற்சாலையில் சாயங்காலம் 4 மணி வாக்கில் தீப்பிடித்தது. உள்ளே எல்லாம் துணியும் பஞ்சும் பிளாஸ்டிக்கும். வெளிக்கதவுகள் பூட்டிக் கிடந்தன, பொருள் திருட்டுப் போகக் கூடாது என்று. மாடியிலிருந்து குதித்தவர்கள் உண்டு. தீக்குப் பாதுகாப்பு இல்லாத இரும்புத் தூண்கள் இளகி, கட்டடமே சரிந்தது. 188 பேர் செத்தார்கள். பெரும்பாலும் கிராமத்திலிருந்து வேலைக்கு வந்த இளம்பெண்கள். அதே வருடம் நவம்பர் 19 அன்று சீனாவில் ஷென்சென் பக்கத்தில் இன்னொரு பொம்மைத் தொழிற்சாலை எரிந்தது. அங்கே 87 பேர். ஜன்னலில் கம்பி, வாசலில் பூட்டு. பொம்மையின் கண் பிய்ந்து குழந்தையின் தொண்டையில் சிக்கக் கூடாது என்று அத்தனை கவனம். அதே கட்டடத்தில் தைக்கிறவளுக்கு வெளியே ஓட ஒரு கதவு திறந்திருக்கவில்லை. இதை எழுதும்போது இப்போதும் எனக்குக் கை நடுங்குகிறது.

ஷென்சென் தீ அணைந்த பிறகு, அந்தப் பெண்களுக்கு வீட்டிலிருந்தும் மற்ற கம்பெனிகளில் வேலை பார்க்கும் தோழிகளிடமிருந்தும் வந்த கடிதங்கள் கிடைத்தன. பின்னால் ஆய்வாளர்கள் அவற்றைப் படித்து எழுதியிருக்கிறார்கள். சம்பளம் எவ்வளவு, சாப்பாடு எப்படி, வேறு கம்பெனியில் இடம் இருக்கிறதா, ஊருக்கு எப்போது வருவாய் — இதுதான் அவற்றில் இருந்தது. உங்கள் கடிதத்தை முதல் முறை படித்தபோது அவைதான் எனக்கு நினைவுக்கு வந்தன. தண்ணியில்லாக் காடு என்று பேர் வாங்கிய நம் மாவட்டத்திலிருந்தும் பெண் பிள்ளைகள் திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் சென்னைக்கும் பெட்டியோடு பஸ் ஏறிக்கொண்டுதானே இருக்கிறார்கள். அவர்கள் வேலை செய்கிற இடத்தில் அவசரக் கதவு எது, அது திறக்கிறதா என்று போனில் கேட்கச் சொல்லி நான் இப்போது தெரிந்தவர்களிடமெல்லாம் சொல்கிறேன். சம்பளத்தைக் கேட்கிற மாதிரியே அதையும் கேட்கலாம்.

பிளாஸ்டர் பற்றி எழுதியிருந்தீர்கள். உங்கள் அம்மா பாசிக்குப் போகும்போது பாறை கிழிக்காமல் இருக்க விரல்களில் துணி சுற்றிக்கொள்வார் இல்லையா. தீவுப் பக்கம் போய் வந்த பெண்கள் கரையில் உட்கார்ந்து அந்த ஈரத் துணியைப் பல்லால் அவிழ்ப்பதைப் பார்த்திருக்கிறேன். அம்மாவுக்குத் துணி, மகளுக்கு பிளாஸ்டர். அந்தப் பாசி போய்ச் சேர்கிற ஐஸ்கிரீமையும் ஜெல்லியையும் சாப்பிடுகிறவர்களும் என்னைப் போலவே மெஷினில் வந்தது என்றுதான் நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

சரி, ஆவுளியா பொம்மைக்கு வருகிறேன். எனக்கு இந்த யோசனை ரொம்பப் பிடித்திருக்கிறது. கொஞ்சம் விசாரித்தும் பார்த்தேன். 2021 ஜனவரி 1 முதல் 14 வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளுக்கான பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். துணி பொம்மையும் அதில் அடங்கும். மத்திய அரசின் கைவினைப்பொருள் ஆணையர் அலுவலகத்தில் பதிவு செய்த கைவினைஞர்கள் தாங்களே செய்து விற்பதற்கு விலக்கு இருக்கிறது. உங்கள் நாலு பேருக்கும், உங்கள் பொம்மைக்கும் அந்த விலக்கு கிடைக்குமா என்று துணி வாங்கும் முன்பே அங்கே கேட்டுவிடுங்கள்.

கண்ணுக்கு பிளாஸ்டிக் வேண்டாம். ஐரோப்பியத் தரத்தில் பொம்மையின் கண்ணை 90 நியூட்டன் விசையில், கிட்டத்தட்ட 9 கிலோ எடை தொங்குவது போல, 10 விநாடி இழுத்துப் பார்க்கிறார்கள். அப்படிப் பார்க்க நம்மிடம் கருவி இல்லை. நூலால் கண் தைத்துவிட்டால் அந்தப் பயமே இல்லை, கைக்குழந்தைக்கும் கொடுக்கலாம். ஆவுளியாவின் கண்ணும் சின்னதுதான், நாலு இழை போதும்.

இன்னொன்று, தயவுசெய்து அதை டால்ஃபின் மாதிரி தைத்துவிடாதீர்கள். ராமேஸ்வரம் கடைகளில் டால்ஃபின் நிறைய இருக்கிறது. ஆவுளியாவுக்கு முதுகில் துடுப்பு கிடையாது. வால் மட்டும் டால்ஃபின் போல இரண்டாகப் பிரியும். வாய் கீழே பார்த்து மடங்கியிருக்கும், கடலடியில் புல் மேய்கிற மிருகம் இல்லையா. நிறம் நீலம் வேண்டாம், தவிட்டு நிறமும் சாம்பலும் கலந்த மாதிரி. பல வருடத்துக்கு ஒரு முறைதான் ஒரு குட்டி போடும். அதனால் தாயோடு ஒரு குட்டியும் தைத்தால் பார்க்கிற பிள்ளைகளுக்குக் கதையும் சேர்ந்து போகும். 2022இல் தஞ்சாவூர், புதுக்கோட்டை கரையோரம் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரை ஆவுளியாவுக்கான காப்பகமாகத் தமிழக அரசு அறிவித்தது. நாட்டிலேயே முதல் காப்பகம். இந்த விவரத்தை ஒரு சின்னச் சீட்டில் எழுதிப் பொம்மையில் கட்டுங்கள். சீட்டின் பின்பக்கம் தைத்தவர் பெயர் இருக்கட்டும், நாலு பேரில் யார் முதுகு மூடினாரோ அவர் பெயரும். கடிதத்தில் உங்கள் பெயர் வேண்டாம் என்றீர்கள், சரி. பொம்மையில் போடுங்கள்.

விலையை மட்டும் முதல் நாளே குறைத்துவிடாதீர்கள். கடைக்காரர் சீனக் கரடியைக் காட்டி, அதற்கு மேல் ஒரு பைசா தரமாட்டேன் என்பார். ஒரு பொம்மைக்கு எத்தனை மணி நேரம் ஆகிறது என்று நீங்களே கணக்கு எழுதி வைத்துக்கொண்டு பேசுங்கள். பீஸ் ரேட்டில் 4 வருடம் இருந்தவருக்கு அந்தக் கணக்கை நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

அடுத்த மாதம் பாம்பன் வருகிறேன். முதல் பொம்மை எனக்கு வேண்டும், விலை கொடுத்துத்தான் வாங்குவேன். அப்புறம் ஓர் உதவி. பிரித்த கரடிக்குப் பஞ்சை எல்லாம் திரும்ப அடைத்துவிட்டேன், முதுகை மூட வரவில்லை. மூன்று முறை தைத்து மூன்று முறை பிரித்துவிட்டேன், தையல் தழும்பு மாதிரித் துருத்திக்கொண்டு நிற்கிறது. மகள் லீவுக்கு வருவதற்குள் அதைச் சரி செய்ய வேண்டும். கரடியையும் எடுத்துக்கொண்டு வருகிறேன், முடிச்சை எங்கே ஒளிப்பது என்று நீங்கள் சொல்லித்தர வேண்டும்.

அன்புடன்,
உங்கள் அக்கா