கார்டைக் கழற்றியது யார்?

கேள்வி: என் கணவருக்கு 30 வயது, டைல்ஸ் வேலை. சென்னைக்குப் பக்கத்தில் ஒரு அடுக்குமாடி சைட்டில், மேஸ்திரியிடம் 900 ரூபாய் நாள்கூலிக்குப் போனார். 2025 ஆகஸ்டில் கிரானைட் அறுக்கும்போது டைமண்ட் பிளேடு உதறி, இடது கை ஆள்காட்டி விரலும் நடுவிரலும் அடியோடு போய்விட்டன. மேஸ்திரி 4 இன்ச் மெஷினில் 5 இன்ச் பிளேடு போட்டுக் கொடுத்திருந்தார். "கார்டு (பிளேடை மூடும் பாதுகாப்பு மூடி) இல்லாமல் வெட்டியது அவன் தப்பு" என்று சொன்ன பில்டர், 20,000 ரூபாய் கொடுத்து, இனி எதுவும் கேட்க மாட்டோம் என்று பத்திரத்தில் கையெழுத்து வாங்கிவிட்டார். இப்போது ஊருக்கே, தருமபுரிக்கு வந்துவிட்டோம். என் தம்பி இன்னும் அதே மேஸ்திரியிடம்தான் வேலை செய்கிறான். வழக்குப் போட முடியுமா?

பதில்: முடியும், சகோதரி. நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரியில்தான் வழக்கே இருக்கிறது. 4 இன்ச் மெஷினின் கார்டுக்குள் 5 இன்ச் பிளேடு அடங்காது. கார்டைக் கழற்றினால்தான் மாட்டவே முடியும். அந்த பிளேடைப் போட்டுக் கொடுத்தவர் கார்டு இல்லாமல் வெட்டு என்று சொன்னதாகத்தான் அர்த்தம்.

தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம், 1923-இன் 3-ஆம் பிரிவின்படி, பாதுகாப்புக் கருவி என்று தெரிந்தும் தொழிலாளியே வேண்டுமென்று அகற்றியோ புறக்கணித்தோ இருந்தால்தான் முதலாளி இந்தச் சாக்கைச் சொல்லலாம். நிரூபிக்க வேண்டியதும் அவரே. வெறும் கவனக்குறைவு போதாது. (2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் வந்துவிட்டது. உங்கள் விபத்து அதற்கு முந்தையது என்பதால் பழைய சட்டப்படியே பேசுகிறேன்.)

"மேஸ்திரியைப் போய்க் கேள்" என்று பில்டர் கைகழுவவும் முடியாது. கட்டடம் கட்டுவதே அவர் தொழில். 12-ஆம் பிரிவு அவரையும் பிடிக்கும். இ.எஸ்.ஐ. (அரசுத் தொழிலாளர் காப்பீடு) பிடித்தம் இல்லை என்று எடுத்துக்கொள்கிறேன். இருந்தால் வழி வேறு.

தொகைக்கு வருவோம். ஒரு கையில் இரண்டு விரல் போனால் சட்டத்தின் அட்டவணைப்படி சம்பாதிக்கும் திறனில் 20 சதவீத இழப்பு, இடது கையானாலும் சரி. மாதக் கூலி எவ்வளவு வந்தாலும் கணக்குக்கு 15,000 ரூபாய்தான் உச்சம். அதில் 60 சதவீதம் 9,000. முப்பது வயதுக்குச் சட்டம் தரும் பெருக்கெண் 207.98. 20 சதவீதம், 9,000, 207.98 மூன்றையும் பெருக்கினால் 3,74,364 ரூபாய். மருத்துவச் செலவு தனி, பில் வேண்டும். தாமதத்துக்கு 12 சதவீத வட்டியும் கேட்கலாம்.

அந்தப் பத்திரத்துக்குப் பயப்படாதீர்கள். சட்டம் தரும் இழப்பீட்டை விட்டுக்கொடுத்து எழுதும் ஒப்பந்தம் 17-ஆம் பிரிவின்படி செல்லாது. இழப்பீட்டு வழக்கைக் கேட்கும் ஆணையரிடம் ஒப்பந்தக் குறிப்பை அனுப்பாத முதலாளி, கொடுத்த பணத்தில் பாதிக்கு மேல் இழப்பீட்டில் கழிக்கக்கூட ஆணையர் உத்தரவு வேண்டும்.

இப்போது அவசரம் பிளேடு. அது யாரிடம் இருக்கிறது? தம்பியிடம் சொல்லி, துடைக்காமல், கழுவாமல் இரண்டு பக்கமும் படம் எடுக்கச் சொல்லுங்கள். அளவும், உச்ச சுழல்வேகமும், அம்புக்குறியும் தெரிய வேண்டும். விளிம்பில் பல் பெயர்ந்திருக்கிறதா, நடுத்தகட்டில் விரிசலோ சூட்டில் நீலம் பாய்ந்த தடமோ இருக்கிறதா என்று பாருங்கள். மெஷினின் பெயர்ப்பலகையையும் எடுக்கட்டும். பிளேடில் அச்சிட்ட வேகம் மெஷின் வேகத்தைவிடக் குறைவாக இருந்தால், மேஸ்திரிக்குப் பேச வாயே இருக்காது. இரண்டையும் பத்திரமாக வைத்திருக்கும்படி பில்டருக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் போடுங்கள்.

மருத்துவமனையில் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) காப்பி வாங்குங்கள். குடித்திருந்தார் என்று நாளைக்குக் கதை கட்டினால் அதுதான் காப்பாற்றும். விபத்து நடந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் மனு போட வேண்டும். சென்னைக்கு அலைய வேண்டாம். நீங்கள் குடியிருக்கும் பகுதிக்கான தொழிலாளர் துணை ஆணையரிடமே போடலாம்.

தம்பி சாட்சிக்கு வேண்டும், அவன் விரல்களும் முழுசாக வேண்டும். பிளேடு மழுங்கி அறுக்காமல் வழுக்கினால் நம் ஆட்கள் இன்னும் அழுத்துவார்கள். சூடேறித் தகடு நெளியும், கல்லுக்குள் பிடித்து உதறும். அழுத்துவதற்குப் பதில், சொரசொரப்பான மணல்கல்லில் நாலு வெட்டு வெட்டினால் வைரத்துகள் மறுபடி வெளியே தெரியும். பக்கவாட்டில் தேய்க்கக் கூடாது. அவன் மெஷினில் கார்டு இருக்கிறதா என்று இன்றைக்கே போன் போட்டுக் கேளுங்கள்.