மகள் வரி ஆபீஸ் போடட்டும், ஆனால் ஜூலையில் வேண்டாம்

அம்மா, உங்கள் மகளுக்கு வேலை தெரியுமா என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பி.காம் முடித்துவிட்டுக் கரூரில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் இரண்டு வருடமாக ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடுகிற பெண்ணுக்கு டேலி கணக்கு சாஃப்ட்வேரும் ஜிஎஸ்டி போர்ட்டலும் தண்ணி பட்ட பாடு. நீங்கள் கேட்டது வேறு. தனியாக ஒரு சின்ன ஆபீஸ் போட்டு உட்கார்ந்தால் பிழைக்க முடியுமா, இல்லை பேங்க் பரீட்சைக்கே படிக்கச் சொல்லட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பிழைக்க முடியும். ஆனால் அவள் இதுவரை பார்த்தது இந்தத் தொழிலில் பாதியைத்தான். பில் கேட்டு வாங்குவது, ஃபீஸ் வசூலிப்பது, கோபமாக வரும் பார்ட்டியைச் சமாளிப்பது, தப்பான வேலையைச் செய்யச் சொன்னால் மறுப்பது, இதெல்லாம் அங்கே முதலாளியின் தலையில் இருந்தது. தனியாக வந்தால் வரிச் சட்டத்தைவிட இந்த மறுபாதிதான் அவளை அதிகம் சோதிக்கும்.

மாதம் எப்படிப் போகும் என்று பாருங்கள். 11ஆம் தேதிக்குள் விற்பனை விவரத்தை ஜிஎஸ்டிஆர்-1இல் ஏற்ற வேண்டும். 14ஆம் தேதி, சரக்கு விற்றவர்கள் காட்டிய பில்களின் பட்டியலான 2பி போர்ட்டலில் வரும், அதைப் பர்சேஸ் பில்லோடு ஒத்துப் பார்த்து 20ஆம் தேதிக்குள் மாதச் சுருக்க ரிட்டர்னான 3பி போட்டு வரி கட்ட வேண்டும். 5 கோடி ரூபாய்க்குள் வியாபாரம் செய்கிறவர்கள் மூன்று மாதத்துக்கு ஒரு முறை ரிட்டர்ன் போடும் முறைக்குப் போகலாம், தமிழ்நாட்டில் அவர்களுக்கு ஜிஎஸ்டிஆர்-1க்கு 13, 3பிக்கு 22 என்று தேதி, அப்படியும் நடுவில் வரும் இரண்டு மாதத்துக்கு வரியை 25ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். டிடிஎஸ், அதாவது பணம் கொடுக்கும்போதே வருமான வரியைப் பிடிக்கிறவர்கள் இருந்தால் அதற்குக் காலாண்டு ரிட்டர்ன் தனி.

பில் நேரத்துக்கு வந்தால் இதில் எதுவும் கஷ்டமில்லை. வராது. பஸ் பாடி பட்டறை வைத்திருப்பவர் 10ஆம் தேதி ராத்திரி வாட்ஸ்அப்பில் மங்கலான ஃபோட்டோக்களாக அனுப்புவார், அதில் இரண்டு பில் போன மாதத்தது, இன்னொன்றில் ஜிஎஸ்டி நம்பரே தெரியாது. மறுநாள் எல்லாரும் ஒரே நேரத்தில் உள்ளே நுழைவதால் போர்ட்டல் சுற்றிக்கொண்டே இருக்கும். 3பி தாமதமானால் ஒரு நாளைக்கு 50 ரூபாய், வியாபாரமே இல்லாத மாதத்துக்கும் நாளுக்கு 20 ரூபாய். தொகை சின்னதுதான், ஆனால் அதை யார் கட்டுவது என்ற பேச்சில்தான் நிறைய வாடிக்கையாளர்கள் கைவிட்டுப் போகிறார்கள். அதனால் வேலையை ஒத்துக்கொள்கிற அன்றைக்கே, 5ஆம் தேதிக்குள் பில் வந்தால் பொறுப்பு என்னுடையது, அதற்குப் பிறகு வந்தால் தாமதக் கட்டணம் உங்களுடையது என்று எழுத்தில் சொல்லிவிட வேண்டும். வாட்ஸ்அப் மெசேஜாக இருந்தாலும் போதும்.

முன்பு ஜிஎஸ்டிஆர்-1இல் ஏதாவது விட்டுப்போனால் 3பியில் சரிக்கட்டிக்கொள்ளலாம். 2025 ஜூலை மாதத்துக்கான ரிட்டர்னிலிருந்து அந்த வழியும் அடைபட்டுவிட்டது. விற்பனை மீதான வரி தானாக நிரம்பி வருகிறது, அதைத் திருத்த முடியாது. தப்பு இருந்தால் 3பி போடுவதற்கு முன்பே ஜிஎஸ்டிஆர்-1ஏ போட்டுத் திருத்த வேண்டும். 10ஆம் தேதி ராத்திரி அவசரத்தில் ஏற்றினால் அந்த அவசரம் வரி வரை போய் நிற்கும் என்று அர்த்தம்.

அடுத்தது பணம். மாதம் 700 ரூபாய் ஃபீஸில் 30 கடை பிடித்தால் 21,000 என்று மகள் உங்களுக்குக் கணக்குக் காட்டியிருப்பாள். கணக்கு சரிதான், ஆனால் அது அப்படியே கைக்கு வராது. சிலர் மாதாமாதம் கொடுப்பார்கள், சிலர் தீபாவளிக்கு மொத்தமாகத் தருகிறேன் என்பார்கள், சிலர் வங்கிக் கடனுக்கு ரிட்டர்ன் நகல் தேவைப்படும்போதுதான் பாக்கியை நினைப்பார்கள். வாடகை, கரண்ட், இன்டர்நெட், டேலி லைசென்ஸ் எல்லாம் தேதி தவறாமல் வரும். வருமான வரி வேலையில் இன்னொரு சிக்கல், வருடத்துப் பணம் இரண்டு மூன்று மாதத்துக்குள் வந்து முடிந்துவிடும். சம்பளக்காரர்களுக்குக் கடைசித் தேதி ஜூலை 31, ஆடிட் கணக்குகளுக்கு அக்டோபர் 31. அந்தத் தேதியையும் நம்பித் திட்டமிட முடியாது. 2025இல் ஜூலை 31 என்பது செப்டம்பர் 15 ஆகி, கடைசி நாள் ராத்திரி இன்னும் ஒரு நாள் நீட்டினார்கள். தேதி தள்ளிப்போனதும் வாடிக்கையாளர் நிம்மதியாகிவிடுவார், ஃபீஸும் கூடவே தள்ளிப்போகும். ஆறு மாத வீட்டுச் செலவும் ஆபீஸ் வாடகையும் வங்கியில் இல்லாமல் அவள் வேலையை விடக் கூடாது, இதில் நான் கறாராகவே சொல்கிறேன். ஃபீஸில் பாதியை முன்பணமாகவும் மீதியை ரிட்டர்ன் நகல் கொடுக்கும்போதும் வாங்கிப் பழகட்டும். 23 வயசுப் பெண் ஐம்பது வயசு முதலாளியிடம் பணம் கேட்பது சங்கடம்தான், அதற்காகக் கேட்காமல் இருக்க முடியாது.

எனக்கு உண்மையிலேயே கவலை தருவது ரீஃபண்ட் விஷயம். "பக்கத்து ஆபீஸில் நாற்பதாயிரம் ரீஃபண்ட் வாங்கிக் கொடுத்தார்களாம், நீயும் போட்டுக் கொடும்மா" என்று சம்பளக்காரர் ஒருவர் கட்டாயம் வருவார். இல்லாத வீட்டு வாடகை, கொடுக்காத கட்சி நன்கொடை, வாங்காத கல்விக் கடன் என்று எதையாவது எழுதி ரீஃபண்ட் வாங்கிக் கொடுத்து, அதில் பங்கும் வாங்குகிற ஆட்கள் இருக்கிறார்கள். 2025 ஜூலை 14 அன்று வருமான வரித் துறை நாடு முழுக்கச் சோதனை நடத்தியது இப்படிப் பொய்யான வரிக் கழிவு போட்டு ரிட்டர்ன் தயாரித்துக் கொடுத்த இடைத்தரகர்களைக் குறிவைத்துத்தான், அதில் தமிழ்நாடும் இருந்தது. வருமானத்தைத் தப்பாகக் காட்டினால் அந்த வரியைப் போல இரண்டு மடங்கு வரை அபராதம் உண்டு. நோட்டீஸ் வந்ததும் வாடிக்கையாளர் "எனக்கு என்ன தெரியும், அந்தப் பொண்ணுதான் போட்டது" என்பார். ஆதாரம் இல்லாத கழிவை எழுத மாட்டேன் என்று முதல் வருடமே சொல்லிவிட்டால் பத்துப் பேர் போவார்கள், போகட்டும். மிச்சம் இருப்பவர்களை வைத்துத்தான் அவள் பெயர் நிற்கும்.

ஃபோன் நம்பர் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், சின்னதாகத் தெரியும், ஆனால் அப்படி இல்லை. ஒவ்வொரு தடவையும் ஓடிபி கேட்டு ஃபோன் போடுவது தொல்லை என்று பலர் வாடிக்கையாளரின் ஜிஎஸ்டி பதிவிலேயே தங்கள் நம்பரையும் இமெயிலையும் கொடுத்துவிடுகிறார்கள். உங்கள் மகளும் அப்படிச் செய்தால், துறை நோட்டீஸைப் போர்ட்டலில் போட்டுவிடும், மெசேஜ் அவளுக்கு வரும், 20ஆம் தேதி நெருக்கடியில் பார்க்காமல் விட்டால் கடைக்காரருக்குத் தெரியாமலேயே அவர் மேல் உத்தரவு வந்துவிடும். போர்ட்டலில் நோட்டீஸ் வந்ததே தெரியாது, கன்சல்டன்ட் சொல்லவில்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் வரை போன வியாபாரிகள் நிறைய, பிரச்சினையில் இருக்கும் வரியில் ஒரு பங்கைக் கட்டச் சொல்லித்தான் பல வழக்குகளில் மறுவிசாரணைக்கே அனுப்பினார்கள். நம்பர் வாடிக்கையாளருடையதாகவே இருக்கட்டும். வாரத்தில் ஒரு நாள் எல்லாருடைய போர்ட்டலையும் திறந்து நோட்டீஸ் பகுதியைப் பார்ப்பதை அவள் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

இவ்வளவும் சொன்ன பிறகும் ஏன் போகட்டும் என்கிறேன்? புதிதாக வருகிறவர்களுக்கு இது நல்ல நேரம் என்று நினைக்கிறேன். 1961ஆம் வருடச் சட்டம் போய் 2025ஆம் வருட வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது, பிரிவு எண்கள் எல்லாம் மாறிவிட்டன. முப்பது வருட அனுபவசாலியும் உங்கள் மகளும் புதுப் பிரிவுகளை ஒன்றாகத்தான் படிக்க வேண்டும் (பழைய வருடக் கணக்குகளுக்குப் பழைய சட்டமும் தெரிந்திருக்கணும், அது அவளுக்குத் தெரியும்). 2025 செப்டம்பர் 22 அன்று ஜிஎஸ்டியில் 12, 28 சதவீத அடுக்குகள் பெரும்பாலும் 5க்கும் 18க்கும் மாறியபோது, பில் சாஃப்ட்வேரில் ரேட் எப்படி மாற்றுவது, பழைய ஸ்டாக்கை எந்த ரேட்டில் விற்பது என்று சின்னக் கடைக்காரர்கள் யாரிடம் கேட்பது என்று தெரியாமல் நின்றார்கள். புது வரி முறையில் 12 லட்சம் வரை வரி இல்லை என்றால் ரிட்டர்னே வேண்டாமே என்று நினைக்கிற சம்பளக்காரருக்கு, பிடித்த டிடிஎஸ் திரும்ப வர ரிட்டர்ன் போட்டாக வேண்டும் என்று உட்கார்ந்து சொல்ல ஆள் வேண்டும். பெரிய ஆபீஸ்கள் இவர்களுக்கு நேரம் ஒதுக்குவதில்லை. உங்கள் மகள் ஒதுக்குவாள்.

எல்லையும் தெரிந்திருக்கட்டும். டேக்ஸ் ஆடிட்டில் கையெழுத்துப் போட சிஏ (சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட்) வேண்டும், அவளால் முடியாது, போர்டில் ஆடிட்டர் என்று எழுதவும் கூடாது, வரி ஆலோசகர் என்று எழுதலாம். ஆடிட் வருகிற கணக்குகளை அனுப்ப நம்பிக்கையான ஒரு சிஏவோடு இப்போதே பேசி வைக்கட்டும். பி.காமில் 55 சதவீதம் இருந்தால் முதல் கட்டத் தேர்வான ஃபவுண்டேஷன் எழுதாமல் நேராக அடுத்த கட்டமான சிஏ இன்டருக்கே பதிவு செய்யலாம், ஆசை இருந்தால் அதை ஆபீஸ் போடுவதற்கு முன்பே யோசிக்க வேண்டும், ஆபீஸ் நடத்திக்கொண்டே படிப்பது மிகவும் கடினம்.

ஜூலையில் வேண்டாம் என்றதற்குக் காரணம், பழைய ஆபீஸை நெருக்கடியில் விட்டு வந்த பெயரும் வேண்டாம், தன் ஆபீஸில் முதல் மாதமே மூச்சுத் திணறவும் வேண்டாம். ஆடிட் சீசன் முடியும் வரை அங்கேயே இருக்கட்டும், நவம்பரில் சொல்லிவிட்டு, வேலையை ஒப்படைத்து, ஜனவரியில் ஆரம்பிக்கலாம். மார்ச்சில் நிதியாண்டு முடிவதற்கு முன் பத்துக் கடைகளின் கணக்கைச் சீராக்க நேரம் கிடைக்கும். அதற்குள், மற்றவர்களுக்காக ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட அங்கீகாரம் தரும் ஜிஎஸ்டி பிராக்டிஷனர் பதிவுக்கு விண்ணப்பிக்கட்டும், பி.காம் தகுதி போதும், அப்புறம் மத்திய அரசின் மறைமுக வரிப் பயிற்சி நிறுவனமான நாசின் நடத்தும் தேர்வில் 50 சதவீதம் எடுக்க வேண்டும். பழைய ஆபீஸின் வாடிக்கையாளர்களுக்கு அவளாக ஃபோன் போட்டு இழுக்கக் கூடாது.

நீங்கள் செய்ய வேண்டியதும் ஒன்று இருக்கிறது. ஆபீஸ் திறந்த செய்தி கேட்டதும் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக உங்களிடம்தான் வருவார்கள், நம்ம பொண்ணுதானே, ஒரு ரிட்டர்ன் போட்டுத் தரச் சொல்லுங்கள் என்று. அவளால் அவர்களிடம் ஃபீஸ் கேட்க முடியாது. தொகையை அவளிடம் கேட்டு வைத்துக்கொண்டு, அதை நீங்களே அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.