வேலிப் பிரண்டையை விற்கலாமா?

கேள்வி: எங்கள் கிளுவை வேலி முழுக்கப் பிரண்டை படர்ந்திருக்கிறது. சந்தை வியாபாரி ஒருவர் கட்டுக்கட்டாகக் கேட்கிறார். இதையே வெட்டிக் கொடுக்கலாமா, தனியாக நட வேண்டுமா? தொட்டால் கை அரிக்கிறது. எலும்பு முறிவுக்கு வைத்துக் கட்டலாம் என்கிறார்களே, சரியா?

பதில்: தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் வேலியோரம் களைக்கொல்லியோ பூச்சிமருந்தோ அடித்திருந்தால் அந்தப் பக்கத்தைத் தொடாதீர்கள். துவையலுக்காக வாங்குகிறவர்கள் குழந்தைகளுக்கும் கொடுப்பார்கள்.

நுனியிலிருந்து மூன்று, நான்கு கணு மட்டும் ஒடியுங்கள். பட்டென்று ஒடிந்தால் இளசு. நாராக இழுத்தால் முற்றல். அதை விதைத்தண்டாக வைத்துக்கொள்ளலாம். அரிப்புக்குக் காரணம் தண்டில் ஊசி ஊசியாக இருக்கும் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள். கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு வேலை செய்யுங்கள். சமையலிலும் அப்படித்தான்: நார் உரித்து, நல்லெண்ணெயில் நிறம் மாறும்வரை வதக்கி, புளி சேர்த்து அரைத்தால்தான் நாக்கு தப்பிக்கும். வாங்குகிறவர்களிடம் இதைச் சொல்லிக் கொடுங்கள். ஒருமுறை அரித்துவிட்டால் மறுபடி வாங்க மாட்டார்கள்.

வியாபாரி தொடர்ந்து கேட்டால் தனியாக நடுவதே நல்லது. வேலியையே மொட்டையடித்தால் கொடி தேறாது. இரண்டு, மூன்று கணு உள்ள முற்றிய தண்டை வெட்டி, வெட்டுவாய் காய ஓரிரு நாள் நிழலில் போடுங்கள். அப்புறம் ஒரு கணு மண்ணுக்குள் இருக்கும்படி நடுங்கள். செம்மண், சரளை மண் எதிலும் வரும். தண்ணீர் தேங்கினால் மட்டும் அழுகிவிடும். படர வேலியோ பந்தலோ போதும். திராட்சைக் குடும்பத்துக் கொடியல்லவா, பற்றுக்கம்பியால் தானே பிடித்து ஏறிக்கொள்ளும்.

பசியின்மை, செரிமானக் கோளாறு, மூலம் ஆகியவற்றுக்குப் பிரண்டைத் துவையல் நம் வீடுகளில் நெடுநாளாக உண்டு. அப்பள மாவில் பிரண்டைச் சாறு சேர்க்கும் வழக்கமும் இருக்கிறது. எலும்புக்கு நல்லது என்பதும் வெறும் பேச்சு இல்லை. பிரண்டைக்கு வச்சிரவல்லி, அதாவது வைரம் போன்ற கொடி, என்ற பெயரே அதனால் வந்தது என்பார்கள். 1960-களிலேயே பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் ஆய்வாளர்கள் உடுப்பாவும் பிரசாத்தும் விலங்குகளின் எலும்பு முறிவில் இதைச் சோதித்து, முறிவு கூடுவதற்கு உதவுவதாக எழுதினார்கள். அதற்காக, முறிந்த கையில் பிரண்டையை வைத்துக் கட்டிவிட்டு வீட்டில் இருந்துவிடாதீர்கள். எக்ஸ்ரே எடுக்காமல் கட்டினால் எலும்பு கோணலாகச் சேர்ந்துவிடும். மருத்துவர் கட்டுப் போட்ட பிறகு, அவரைக் கேட்டுக்கொண்டு துவையலாகச் சாப்பிடுங்கள். சிறுநீரகக் கல் உள்ளவர்களுக்கு ஆக்சலேட் ஆகாது. அவர்கள் கேட்டால் வேண்டாம் என்றே சொல்லிவிடுங்கள்.