ஒஃப்ஸ்டெட் ஆய்வுக்கு ஒரு சைல்ட்மைண்டர் எப்படித் தயாராவது?

கேள்வி: இங்கிலாந்தில் சைல்ட்மைண்டராக, அதாவது வீட்டிலேயே மற்றவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவராக, பதிவு செய்து சில மாதங்கள் ஆகின்றன. பள்ளிகளையும் பிள்ளைப் பராமரிப்பையும் சோதிக்கும் அரசு அமைப்பான ஒஃப்ஸ்டெட்டின் முதல் ஆய்வை நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது. வீட்டில் மாமியும் எங்களோடு இருக்கிறார். என் ஆங்கிலமும் சுமார்தான். என்ன ஆயத்தம் செய்ய வேண்டும்?

பதில்:

ஆய்வு என்றதும் நம்மவர்கள் செய்யும் முதல் வேலை வீட்டைக் கழுவித் துடைப்பது. சுவருக்குப் பெயின்ட் அடித்தவரையும் எனக்குத் தெரியும். வீடு துப்புரவாக இருக்கத்தான் வேண்டும், ஆனால் அதற்கு யாரும் புள்ளி போடப் போவதில்லை. படிக்கட்டு கேட், புகை அலாரம் எல்லாம் பதிவு செய்யும்போது வந்தவர் பார்த்துவிட்டுத்தான் போயிருப்பார். இந்த முறை வருபவர் உங்களையும் பிள்ளைகளையும் பார்க்க வருகிறார். ஒவ்வொரு பிள்ளையும் இப்போது எந்தக் கட்டத்தில் நிற்கிறது, அடுத்ததாக எதைப் பழக்கப் போகிறீர்கள், ஏன் அதை. இந்த மூன்றையும் வாய்விட்டுச் சொல்ல வந்தால் பயப்பட ஒன்றுமில்லை.

முதலில் போன் வரும். பெரும்பாலும் ஐந்து நாட்களுக்குள் வருவார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்தெந்த நாளில் எத்தனை பிள்ளைகள், என்ன வயது என்று கேட்பார்கள். வைத்தவுடன் பெற்றோருக்குச் செய்தி அனுப்புங்கள். காலையில் பிள்ளையை விட வரும்போது சிலர் ஆய்வாளரோடு இரண்டு நிமிடம் கதைத்தால் நல்லது, நேரமில்லாதவர்கள் நாலு வரி எழுதித் தரலாம். அன்றைக்கென்று புதிதாக எதையும் அரங்கேற்ற வேண்டாம். வழக்கமில்லாத விளையாட்டைக் கண்டால் பிள்ளைகளே காட்டிக்கொடுத்துவிடுவார்கள்.

மாமியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வீட்டில் இருக்கும் 16 வயதுக்கு மேற்பட்ட எல்லாருக்கும் டி.பி.எஸ் என்ற குற்றப் பின்னணிச் சரிபார்ப்பு வேண்டும், மாமியும் அதில் அடக்கம். உங்கள் சொந்த மகனுக்கு 16 ஆனாலும் அறிவிக்க வேண்டும். சரிபார்ப்பு முடியாதவரிடம் "ஒரு நிமிஷம் பார்த்துக்கொள்ளுங்கோ மாமி" என்று பிள்ளையை விட்டுவிட்டு மேலே போகக் கூடாது. இன்னொன்று, மாமியின் பிரஷர் குளிசை. கட்டில் ஓரத்திலும் கைப்பையிலும்தான் அது இருக்கும், ஒன்றரை வயதுப் பிள்ளைக்குக் கைப்பையைப் போல ஆசையான சாமான் வேறில்லை. சாமித் தட்டில் இருக்கும் தீப்பெட்டி, கற்பூரம், குசினி மூலையில் நிற்கும் தேங்காய்த் துருவலை, ஜன்னல் திரையின் தொங்கும் கயிறு, இவற்றையும் ஒருமுறை தரையில் உட்கார்ந்து பாருங்கள். நின்றுகொண்டு பார்த்தால் பாதி தெரியாது. ஆங்கிலத்தில் வரும் எந்தச் சரிபார்ப்புப் பட்டியலிலும் துருவலை இருக்காது.

அன்று காலை கதவைத் திறந்ததும் அடையாள அட்டையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள், வருகைப் புத்தகத்தில் கையெழுத்து வாங்குங்கள். பெரிய மனுஷியிடம் எப்படிக் கேட்பது என்று கூச்சப்பட வேண்டாம். உங்கள் பாதுகாப்பு உணர்வை அவர் பார்க்கும் முதல் இடமே அந்த வாசல்தான்.

நானும் சைல்ட்மைண்டர்தான். என் வீட்டில் ஆய்வு நடந்த அன்று தண்ணீர் விளையாட்டு. ஒரு பெரிய தட்டு, நாலைந்து சில்வர் பேணி, ஒரு புனல், அவ்வளவுதான். ஆய்வாளர் தரையில் உட்கார்ந்து, இரண்டு வயதுப் பையன் ஒருவனைக் காட்டி, "இவனுக்கு ஏன் இந்த விளையாட்டு?" என்று மெதுவாகக் கேட்டார். நான் சொன்னேன்: வீட்டில் தமிழ், இங்கே ஆங்கிலம், இப்போது ஒற்றைச் சொல்லாகத்தான் வருகிறது. இரண்டு சொல்லைச் சேர்க்கப் பழக்குகிறேன். "மோர் வாட்டர்", "பிக் கப்", தமிழில் "இன்னும் ஊத்து". பேணியை நிரப்பிக்கொண்டிருந்தவன் அந்த நேரம் பார்த்து "காணும்" என்றான். போதும் என்கிறான் என்று விளக்கினேன். பிறகு ஒரு பத்து நிமிடம் வீட்டு மொழியைப் பற்றியே கதைத்தோம். பிள்ளை தன் வீட்டு மொழியையும் விளையாட்டில் பயன்படுத்த வழி செய்ய வேண்டும் என்று ஈ.வை.எஃப்.எஸ் (சின்னப் பிள்ளைகளின் பராமரிப்புக்கும் கற்றலுக்குமான அரசு விதித்தொகுப்பு) விதியே சொல்கிறது. ஆங்கிலமும் வளர வேண்டும், தமிழை அதற்காக ஒளித்துவைக்கத் தேவையில்லை.

உங்கள் ஆங்கிலக் கவலைக்கும் இதுதான் மருந்து. ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் இரண்டு நிமிடம் கணவரிடமோ கண்ணாடியிடமோ ஆங்கிலத்தில் சொல்லிப் பழகுங்கள். இலக்கணம் தவறினால் பரவாயில்லை. "நல்ல பிள்ளை, நன்றாகச் சாப்பிடுவான்" என்று நிறுத்திக்கொள்வதுதான் ஆபத்து. நமக்கு எல்லாம் தெரிந்திருக்கும், அதிகாரியைக் கண்டதும் ஒரு வரியில் பதில் சொல்லிவிட்டுச் சிரிப்போம். கேட்காததையும் சொல்லுங்கள்.

பிள்ளைப் பாதுகாப்புக் கேள்விகளுக்குத்தான் நான் அதிகம் படித்தேன். இன்னும் உருளத் தெரியாத குழந்தையின் உடம்பில் காயம் கண்டால் என்ன செய்வீர்கள்? எழுதிவைப்பேன், கவுன்சிலின் பிள்ளைகள் நலப் பிரிவுக்கு உடனே அழைப்பேன் என்ற பதில் தயங்காமல் வர வேண்டும். அந்த எண் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருக்கட்டும். அதைவிடக் கஷ்டமான கேள்வி: "உங்கள் கணவர் மீதே ஒரு பிள்ளை குற்றம் சொன்னால்?" நம்மவர் பலர் முகம் சுருங்கி, "அவர் அப்படிப்பட்டவர் இல்லை" என்பார்கள். அவர் எப்படிப்பட்டவர் என்று யாரும் கேட்கவில்லை. நீங்களாக விசாரிக்கக் கூடாது, இப்படிப்பட்ட குற்றச்சாட்டுகளைக் கையாளும் கவுன்சிலின் லாடோ அதிகாரிக்குச் சொல்ல வேண்டும், ஒஃப்ஸ்டெட்டுக்கு எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம், எப்படியும் 14 நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும்.

சாப்பாட்டு நேரத்தையும் கவனிப்பார்கள். திராட்சையை நீளவாக்கில் நாலாக வெட்டுங்கள், முழுக் கச்சான், பொப்கோர்ன் வேண்டாம், ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது. 2025 செப்டம்பரிலிருந்து, பிள்ளைகள் சாப்பிடும்போது பிள்ளைகளுக்கான முதலுதவிச் சான்றிதழ் உள்ளவர் அதே அறையில் இருக்க வேண்டும் என்பது விதி. தனியாகப் பார்க்கும் சைல்ட்மைண்டருக்கு அது நீங்கள்தான், எனவே அந்த நேரத்தில் பாத்திரம் கழுவப் போகாதீர்கள்.

தாள்களைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. கொழுத்த கோப்பு யாருக்கும் வேண்டாம். 2024 ஜனவரியிலிருந்து சைல்ட்மைண்டர்களுக்கென்றே தனி ஈ.வை.எஃப்.எஸ் இருக்கிறது, அதை ஒருமுறை முழுதாக வாசியுங்கள். வரவுப் பதிவு, விபத்துப் பதிவு, மருந்து கொடுக்கப் பெற்றோரின் எழுத்து அனுமதி, அவசரத் தொடர்பு எண்கள், ஒவ்வாமை விவரம், காப்புறுதி, மூன்று ஆண்டு முடியாத முதலுதவிச் சான்றிதழ், இவை கைக்கு எட்டுகிற இடத்தில் இருந்தால் சரி. எண்ணிக்கையும் நினைவிருக்கட்டும்: 8 வயதுக்குக் கீழ் 6 பேர், அதில் பள்ளிக்குப் போகாத சின்னப் பிள்ளைகள் 3, அந்த மூவரில் பொதுவாக ஒரு வயது நிறையாதது 1. உங்கள் சொந்தப் பிள்ளைகளும் இந்தக் கணக்கில் சேர்த்தி.

முடிவு எப்படி வரும் என்பது இப்போது மாறிவிட்டது. எனக்கு வந்தது பழைய முறை, மொத்தமாக ஒரே தரம், "குட்". 2025 நவம்பரிலிருந்து அந்த ஒற்றைத் தரம் இல்லை, ஒவ்வொரு பகுதிக்கும் ஐந்து படியில் தனித்தனித் தரம் போட்டு அறிக்கை அட்டை தருகிறார்கள். நடுப்படியான "எக்ஸ்பெக்டட் ஸ்டாண்டர்ட்" வந்தால் மனம் சோர வேண்டாம், அதுவே நல்ல தரம்தான். பிள்ளைப் பாதுகாப்புக்கு மட்டும் படி கிடையாது, நிறைவேறியது அல்லது நிறைவேறவில்லை என்ற இரண்டில் ஒன்று.

போவதற்கு முன் வாய்மொழியாகச் சொல்வார்கள். தாளும் பேனாவும் வைத்துக்கொண்டு கேளுங்கள், விளங்காததை அப்போதே திருப்பிக் கேளுங்கள். பிறகு வரைவு அறிக்கை அனுப்புவார்கள். பிள்ளைகளின் எண்ணிக்கை, வேலை நேரம் போன்ற விவரத்தில் பிழை இருந்தால் அந்தக் கட்டத்தில்தான் திருத்தலாம். வெளியான அறிக்கையின் பிரதியைப் பெற்றோர் எல்லாருக்கும் கொடுக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் இணைப்பை அனுப்பினால் போதும் என்று என்னிடம் வரும் பிள்ளைகளின் பெற்றோர் சொல்லிவிட்டார்கள்.