முதல் பைக்கே 350 சிசியாக வாங்கலாமா?

வாங்கலாம், ஆனால் இப்போதுதான் ஓட்டப் பழகுகிறீர்கள் என்றால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். சிசியை விட முதலில் எடையைப் பாருங்கள். ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 சுமார் 195 கிலோ, ஸ்ப்ளெண்டர் 112 கிலோதான். ஓடும்போது இது பெரிதாகத் தெரியாது, சிக்னலில் நின்று ஒரு பக்கம் சாயும்போதும் சரிவில் வண்டியைப் பின்னால் தள்ளும்போதும்தான் தெரியும். ஷோரூமில் உட்கார்ந்து பாருங்கள், நுனிக்காலில் நிற்க வேண்டியிருந்தால் அது உங்களுக்கான வண்டி இல்லை.

அப்புறம் பிரேக். இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட பைக்குகளுக்கு ஏபிஎஸ் (பிரேக்கை அழுத்தும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) கட்டாயம், அதற்குக் கீழே பெரும்பாலும் சிபிஎஸ்தான் (ஒரு பிரேக்கை அழுத்தினால் இரண்டு சக்கரத்திலும் பிரேக் பிடிக்கும் அமைப்பு), அதில் மழைச் சாலையில் பதறிப்போய் பிரேக்கை அழுத்தினால் சக்கரம் பூட்டிக்கொள்ளலாம். அதனால் ஏபிஎஸ் உள்ள யமஹா எஃப்ஸி மாதிரி 150 சிசி வண்டி ஒன்று, முடிந்தால் பழையதாகவே, எடுங்கள் (எப்படியும் ஒருமுறையாவது கீழே போடுவீர்கள்). மிச்சக் காசில் நல்ல ஹெல்மெட்.