அடைமழைக்கு நாலு கொலை

அன்புள்ள சாருக்கு,

நீடாமங்கலம் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். சம்பா நடவு முடிந்தது, ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஆறு மணிக்கு மேல் நாலு பேரும் கூடத்தில்தான். மாமனாருக்கு எண்பது வயது. கண்புரை, காதும் கொஞ்சம் மந்தம். ஆனால் அந்தக் காலத்துத் துப்பறியும் நாவல் என்றால் உயிர். வீட்டுக்காரர் பத்து மணிக்குத் தூங்கிவிடுவார். மகள் பிளஸ் ஒன். எந்தப் படம் போட்டாலும் இருபதாவது நிமிடத்தில் "இவன்தான்" என்று சொல்லி எல்லார் ஆசையிலும் மண்ணைப் போடுவாள். எந்தத் தொடரும் பாதிக்கு மேல் போவதில்லை. நாலு பேரும் சேர்ந்து ரசிக்க மர்மக் கதைகளை எப்படித் தேர்ந்தெடுப்பது? 'புதிய பறவை'யை மறுபடி பார்க்க வேண்டும் என்கிறார் மாமா. அவருக்கு முடிவு தெரிந்த படத்தில் என்ன இருக்கிறது என்கிறாள், அதை இன்னும் பார்க்காத மகள்.

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

பட்டியல் போடுவது சுலபம். ஆனால் உங்கள் வீட்டில் தொடர்கள் பாதியில் நிற்பதற்குக் கதைகள் காரணமாக இருக்காது. கதை எந்தக் கேள்வியைக் கேட்கிறது என்று தெரியாமல் எல்லாவற்றையும் ஒரே மாதிரி பார்த்தால் எந்த வீட்டிலும் இப்படித்தான் ஆகும்.

மர்மக் கதை என்று நாம் ஒரே கூடையில் போடுவதில் மூன்று ஜாதி உண்டு. முதலாவது 'யார் செய்தது' கதை. இதில் சந்தேகப் பட்டியல் இருக்கும், தடயம் கண்ணெதிரே கிடக்கும், நமக்கும் துப்பறிபவருக்கும் போட்டி. இரண்டாவது 'எப்படி மாட்டுவான்' கதை. குற்றத்தை நாம் முதலிலேயே பார்த்துவிடுகிறோம். 'பாபநாசம்' (2015) இந்த வகை. மூன்றாவது 'அடுத்து என்ன' கதை. ஓட்டமும் துரத்தலும்தான் விஷயம், வில்லன் யாரென்பது ஊறுகாய் மாதிரி. உங்கள் மகளைப் போன்றவர்களோடு பார்க்க இரண்டாவது வகையே உத்தமம். அவள் "இவன்தான்" என்று சொல்வதற்குள் கதையே அதைச் சொல்லிவிட்டிருக்கும். சொல்லிக் கெடுக்க அங்கே ஒன்றும் இல்லை.

முதல் வகையில்தான் அவளுக்குக் கடிவாளம் தேவை. அவள் எப்படிக் கண்டுபிடிக்கிறாள் என்று நினைக்கிறீர்கள்? பெரும்பாலும் தடயத்தை வைத்து அல்ல, நடிகரை வைத்து. நல்ல பெயருள்ள நடிகர் முதல் அரை மணியில் இரண்டே காட்சிக்கு வந்து காபி குடித்துவிட்டுப் போனால், அவரைச் சும்மா கூப்பிட்டிருக்க மாட்டார்கள் என்று பிளஸ் ஒன் பிள்ளைக்குத் தெரியாதா? ஆகவே வீட்டுச் சட்டம் ஒன்று போடுங்கள். கதை மூன்றில் இரண்டு பங்கு முடிந்ததும் நிறுத்த வேண்டும். இரண்டரை மணி நேரப் படம் என்றால் ஒரு மணி நாற்பதாவது நிமிடம், எட்டுப் பகுதித் தொடர் என்றால் ஐந்தாம் பகுதி முடிவில். ஆளுக்கொரு துண்டுச் சீட்டில் பெயரும், அதற்கு ஆதாரமாகக் கதைக்குள் பார்த்த ஒரு விஷயமும் எழுதி மடித்து அஞ்சறைப் பெட்டிக்கு அடியில் வைத்துவிடுங்கள். ஆதாரம் இல்லாத பெயருக்கு மதிப்பெண் கிடையாது. "அவன் முகரையே சரியில்லை" என்பது ஆதாரம் ஆகாது. அதற்கு முன்னால் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. பாதியிலேயே நிறுத்தினால் தடயங்கள் முழுதாக விழுந்திருக்காது. கடைசிக் கால் பங்குக்குள் போய்விட்டாலோ இயக்குநரே ஆள் காட்ட ஆரம்பித்திருப்பார்.

இந்த விளையாட்டுக்கு வார்த்தெடுத்த மாதிரி ஒரு தமிழ்ப் படம் உண்டு. எஸ். பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்' (1954). 1943இல் ஜப்பான் விமானம் சென்னையில் குண்டு போட்ட சமயத்தில் ஒரு வானொலி என்ஜினியர் சுட்டுக் கொல்லப்படுகிறார். விசாரணையில் ஆளாளுக்கு ஒரு கணக்குச் சொல்கிறார்கள். ஒரு பாட்டுகூடக் கிடையாது, அதனால் எழுந்து போய் டீ போட இடைவெளியும் கிடையாது. ஒவ்வொருவர் வாக்குமூலம் முடிந்ததும் நீங்களாகவே நிறுத்தி, அவர் சொன்னதில் எது இன்னொருவர் சொன்னதோடு இடிக்கிறது என்று இரண்டு நிமிடம் பேசிக்கொள்ளுங்கள். மாமா முன்பே பார்த்திருப்பார். அவரை நடுவராக வைத்துவிடலாம்.

இணையத் தொடர்களுக்கு வருவோம். 'சுழல்' (2022) முதல் பருவம் எட்டுப் பகுதி, மயானக் கொள்ளைத் திருவிழாவோடு பின்னியது. 'நவம்பர் ஸ்டோரி' (2021) ஏழு பகுதி. மறதி நோய் வந்த துப்பறியும் நாவலாசிரியர் ஒரு கொலை நடந்த இடத்தில் இருக்கிறார், அவரைக் காப்பாற்ற மகள் ஓடுகிறாள். இரண்டையும் ஒரு நாளைக்கு இரண்டு பகுதிக்கு மேல் பார்க்காதீர்கள். ஏழரைக்கு ஆரம்பித்தால் சாப்பாடு உட்பட ஒன்பதரைக்குள் முடியும், வீட்டுக்காரரும் விழித்திருப்பார். ஒரே ராத்திரியில் மொத்தத்தையும் விழுங்கினால் சந்தேகப்பட நேரமே இருக்காது. மர்மக் கதையின் பாதி ருசி மறுநாள் காலை தோசை ஊற்றும்போது "நேத்து அந்தக் கதவு ஏன் திறந்திருந்தது?" என்று தோன்றுவதில் இருக்கிறது. இரண்டு பகுதிக்கு நடுவே ஒரு வாரம் விட்டாலும் தப்பு. மூன்றாம் பகுதியில் வந்த சின்னப் பொருள் ஏழாம் பகுதியில் திரும்பி வரும்போது யாருக்கும் நினைவிருக்காது. உங்கள் தொடர்கள் பாதியில் நிற்பதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். தொடர் எடுத்தால் நாலு நாள் தொடர்ந்து வீட்டில் இருக்கிறோமா என்று பார்த்துவிட்டு எடுங்கள்.

எடுப்பதற்கு முன்னால் வயதுக் குறிப்பையும் படித்துவிடுங்கள். 'ராட்சசன்' (2018) விறுவிறுப்பில் குறை சொல்ல முடியாத படம். ஆனால் அதில் சாவது பள்ளிக்கூடத்துப் பெண் பிள்ளைகள். சாப்பாட்டுத் தட்டோடு குடும்பமாக உட்கார்ந்து பார்க்கிற சரக்கு அல்ல.

டிவியே துரோகம் செய்யும் இடங்கள் சில உண்டு, அவற்றை முதலிலேயே அடைத்துவிட வேண்டும். அடுத்த பகுதி தானாக ஓடுவதை அமைப்புகளில் நிறுத்துங்கள். பகுதிகளின் பட்டியலைக் கீழே இறக்கிப் பார்க்காதீர்கள், ஆறாம் பகுதியின் சின்னப் படத்தில் செத்தவர் உயிரோடு நிற்பார். பிரைம் வீடியோவில் நடுவில் நிறுத்தினால் திரையில் அந்தக் காட்சியில் இருக்கும் நடிகர்களின் பெயர்கள் வரும். முகமூடி போட்ட ஆள் வரும் காட்சியில் நிறுத்தித் தொலைக்காதீர்கள். மாமாவுக்காக வசன எழுத்து (சப்டைட்டில்) போடுவீர்கள். அதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. காது கேளாதோருக்கான வசன எழுத்தில் பேசுபவர் பெயரையும் சேர்த்துப் போடுவது வழக்கம். முகம் தெரியாத ஆள் போனில் மிரட்டும்போது எழுத்தில் பெயர் பளிச்சென்று வந்து நின்றால் அத்தோடு கதை முடிந்தது. ஒன்றுக்கு மேற்பட்ட வசன எழுத்து இருந்தால், பெயர் போடாத சாதாரண வகையைத் தேர்ந்தெடுங்கள். தமிழ் எழுத்து இல்லாமல் ஆங்கிலம் மட்டும் இருந்தால் அந்தத் தொடரை மாமாவோடு பார்க்காமல் விடுவதே நல்லது. மகள் பக்கத்தில் உட்கார்ந்து மொழிபெயர்ப்பாள், மொழிபெயர்க்கும்போது தன் ஊகத்தையும் சேர்த்துவிடுவாள்.

வசனம் காதில் விழாததற்குக் காது மட்டும் காரணமல்ல. இந்தத் தொடர்களின் ஒலி ஐந்தாறு ஸ்பீக்கர்களுக்காகக் கலக்கப்பட்டது. டிவியின் இரண்டு சின்ன ஸ்பீக்கரில் பின்னணி இசை மேலே வந்து பேச்சு அமுங்கிப்போகும். தொடரின் ஒலித் தேர்வில் ஸ்டீரியோ இருந்தால் அதற்கு மாற்றுங்கள். டிவி அமைப்பில் 'கிளியர் வாய்ஸ்' போல ஒன்று இருக்கும், அதையும் போட்டுவிட்டு பாஸ் என்ற கனத்த ஒலியைக் குறையுங்கள். சத்தத்தை மட்டும் கூட்டிக்கொண்டே போனால் கதவு சாத்தும் காட்சியில் மாமாவுக்குத் தூக்கிவாரிப் போடும், வசனம் அப்போதும் புரியாது. இருட்டுக் காட்சி கறுப்பாகவே தெரிந்தால் மின்சாரச் சேமிப்பு முறையை அணைத்துப் பாருங்கள், பல டிவிகளில் அதுதான் திரையை மங்கலாக்குகிறது. எதிர்ச்சுவர் டியூப்லைட்டையும் அணைத்துவிடுங்கள். ஆனால் முழு இருட்டு வேண்டாம், டிவிக்குப் பின்னால் ஒரு சின்ன விளக்கு எரியட்டும், கண் வலிக்காது.

மழைக்காலத்தில் கரண்டும் போகும், நெட்டும் போகும். நடுத்தரத் தரத்தில் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய முக்கால் ஜிபி, எச்டி என்றால் 3 ஜிபி வரைகூட இழுக்கும். அன்றைக்குப் பார்க்கப்போகும் இரண்டு பகுதியைப் பகலிலேயே போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் ஆறங்குலத் திரையைச் சுற்றி உட்காருவது அழகல்லதான், ஆனால் கொலைகாரன் கத்தியை ஓங்கியிருக்கும்போது நிற்பதைவிட மேல்.

கரண்டு இல்லாத நேரம் புத்தகத்துக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த விஷயத்தில் உங்கள் பக்கத்துக்காரர்களுக்குப் பெருமை பேச உரிமை உண்டு. மன்னார்குடியிலிருந்து தஞ்சாவூர் போகும் பஸ் நிற்கிற அதே வடுவூரைத்தான் பெயரில் சுமந்தார் அந்தக் காலத்துத் துப்பறியும் நாவலாசிரியர் துரைசாமி ஐயங்கார். இன்றைக்கு அந்த ஊர் பறவை ஏரிக்குத்தான் பேர்போனது. துப்பறியும் சாம்புவைப் படைத்த தேவன் திருவிடைமருதூர்க்காரர். துப்பறியும் ஜோடி பரத்–சுசீலாவை எழுதியவர் ஊரைப் பெயரிலேயே வைத்திருக்கும் பட்டுக்கோட்டை பிரபாகர். வக்கீல் ஜோடி கணேஷ்–வசந்தைப் படைத்த சுஜாதா வளர்ந்தது ஸ்ரீரங்கத்தில். காவிரித் தண்ணீருக்கும் கொலைக்கும் என்ன சம்பந்தமோ!

மாமாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்ட முதலில் சாம்பு. வங்கி குமாஸ்தா, அசடு. அசட்டு அதிர்ஷ்டத்தில் துப்பு துலங்கும். ஒவ்வொன்றும் தனிக் கதை, எனவே நடுவில் தூங்கிப்போனாலும் நஷ்டமில்லை. வடுவூராரை எடுத்தால் பொறுமை வேண்டும். 'கும்பகோணம் வக்கீல்' நாவல்தான் 1950இல் 'திகம்பர சாமியார்' படமாக வந்தது, நம்பியார் வேஷத்துக்கு மேல் வேஷம் போடுவார். புத்தகத்தில் வாக்கியங்கள் நீளம், வடமொழி தாராளம், சாதியையும் பெண்களையும் பற்றிய பேச்சு அந்தக் காலத்துக்கே உரியது. மகள் கேள்வி கேட்டால் மழுப்பாதீர்கள். வர்ணனை ஒரு பக்கத்துக்கு மேல் போனால் தாராளமாகத் தாண்டலாம், கதை அங்கேயே உங்களுக்காக நின்றுகொண்டிருக்கும். அவர் 1942இல் காலமானார், எழுத்தாளர் மறைந்து 60 ஆண்டுக்குப் பின் உரிமை பொதுவாகிவிடும் என்பதால் அவருடைய நாவல்கள் விக்கிமூலம் என்ற இணைய நூலகத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. டேப்லெட்டில் எழுத்தைப் பெரிதாக்கினால் மாமாவே சில பக்கம் படிக்கக்கூடும்.

சத்தமாகப் படிப்பது ஒரு தடவைக்கு அரை மணி போதும். அதற்கு மேல் தொண்டை கட்டும், கேட்பவருக்கும் பெயர்கள் குழம்பும். முதல் அத்தியாயத்திலேயே ஐந்தாறு பெயரை உறவோடு ஒரு அட்டையில் எழுதி எதிரே வையுங்கள். ஒரு எச்சரிக்கை: குரல் மாற்றிப் படிக்காதீர்கள். யார் குற்றவாளி என்று உங்களுக்குத் தெரிந்த நிமிடத்திலிருந்து அவர் வசனத்தை உங்களை அறியாமல் இழுத்துப் படிப்பீர்கள், மாமா பிடித்துவிடுவார். நீங்களும் முன்கூட்டிப் படிக்காமல் அவரோடு சேர்ந்தே போவதுதான் சரி.

மகளுக்குச் சுஜாதாவின் 'கொலையுதிர் காலம்' கொடுங்கள். நடப்பது அறிவியலா அமானுஷ்யமா என்ற இழுபறியே நாவல். "இவன்தான்" என்று ஆளைக் காட்டினால் போதாது, எப்படி என்றும் சொல்லியாக வேண்டும். அது அவளைக் கொஞ்சம் அடக்கும். ஆங்கிலம் ஓடுமென்றால் ஷெர்லாக் ஹோம்ஸ். நாவல் நாலுதான், சிறுகதை 56. சிறுகதையில் ஆரம்பிக்கட்டும், ஒன்றுக்கு முக்கால் மணி.

குமுதம், விகடனில் வந்த தொடர்களைக் கிழித்துப் பைண்டு செய்த பிரதி உறவுக்காரர் பரணில் எங்காவது இருக்கும். தயவுசெய்து படிக்கும் முன் புரட்டுங்கள். வாரா வாரம் அத்தியாய எண் வரிசையாக வருகிறதா, கடைசியில் 'முற்றும்' இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு வாரம் விட்டுப்போயிருந்தால் அநேகமாகக் கொலை நடந்த வாரமாகத்தான் இருக்கும். வாடகை நூலகப் பாக்கெட் நாவலாக இருந்தால் கடைசி ஃபாரம், அதாவது கடைசி 16 பக்கம், தைப்பு விட்டு விழுந்திருக்கிறதா பாருங்கள். இந்தத் தொடர்களை ஒரே மூச்சில் படித்தால் சலிக்கும். வாரக் கடைசியில் திடுக்கிடல், அடுத்த வாரம் முதல் பத்தியில் பழைய கதை என்று வாரப் பத்திரிகைக்காகவே கட்டியவை அவை. நாளைக்கு இரண்டு அத்தியாயம் போதும். மழை ஈரத்தில் பழுப்புத் தாள் பூசணம் பிடிக்கும். வெயில் வரும் நாளில் நிழலில் விரித்துக் காயவையுங்கள். நேர் வெயிலில் வைத்தால் தாள் அப்பளமாக நொறுங்கும்.

'புதிய பறவை' கேள்விக்கு வருகிறேன். மாமா சொல்வதுதான் சரி. முடிவு தெரிந்தவர் பார்ப்பது வேறு படம். முதல் தடவை நாம் என்ன நடக்கிறது என்று பார்க்கிறோம், இரண்டாம் தடவை அதை எப்படி மறைத்தார்கள் என்று பார்க்கிறோம். எந்த வசனத்துக்கு இரண்டு அர்த்தம், எந்த இடத்தில் கேமரா முகத்தை விட்டு விலகுகிறது என்று எண்ணிக்கொண்டே போகலாம். மகள் முதல் தடவை, மாமா பத்தாவது தடவை. இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைக்காதீர்கள். அவர் முகத்தை வைத்தே அவள் கண்டுபிடித்துவிடுவாள்.