பக்கத்து நாற்காலி: பழைய படங்கள் பற்றி வாசகர் கேள்விகள்

(பதில் சொல்பவர் கும்பகோணத்தில் திரையரங்கு ஆப்பரேட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மாதத்தின் முதல் ஞாயிறு மாலையில், கல்லூரி மாணவர்கள் முதல் எண்பதைத் தொட்ட டீச்சரம்மா வரை அவர் வீட்டு மாடியில் கூடிப் பழைய படம் பார்க்கிறார்கள்.)

கேள்வி: எனக்கு 26 வயது. ஐ.டி. வேலை. எங்கள் குடியிருப்பில் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர் எனக்கு நல்ல சிநேகம். சேர்ந்து பழைய படம் பார்க்கலாம் என்கிறார். என் நண்பர்களையும் கூப்பிட்டிருக்கிறேன். முதல் படமே போர் அடித்துவிட்டால் அடுத்த முறை ஒருவரும் வரமாட்டார்கள். எதில் ஆரம்பிக்கலாம்?
— வாசகர், கோவை

பதில்: 'அந்த நாள்' போடுங்கள் தம்பி. 1954இல் ஏவி.எம். தயாரித்தது. இயக்கியவர் வீணை எஸ். பாலசந்தர். பாட்டு கிடையாது, நடனம் கிடையாது, சண்டை கிடையாது. படம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே ஒரு துப்பாக்கிச் சத்தம். சிவாஜி செத்துக் கிடக்கிறார். அப்புறம் விசாரணை. ஒவ்வொருவரும் அவரவர் பக்கத்துக் கதையைச் சொல்லச் சொல்ல, செத்தவர் யார் என்பதே மாறிக்கொண்டு போகிறது. உங்கள் நண்பர்கள் கைப்பேசியைக் கீழே வைத்துவிடுவார்கள், அதற்கு நான் பொறுப்பு.

தலைமை ஆசிரியரிடம் ஒன்று சொல்லி வையுங்கள். சுட்டது யார் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். வாயைத் திறக்கக் கூடாது. இன்னொன்று, அவர் உயிராய் நினைக்கும் படத்தை முதல் நாளே போட வேண்டாம். அந்தப் படத்துக்கு எதிரே ஒரு பையன் கொட்டாவி விட்டால் மனசு வலிக்கும். மனசு வலித்தவரிடம் எப்படிப் பேச்சு வளரும்? அவருக்குப் பிடித்த படம், ஆனால் அவருடைய இளமையே அதில் அடங்கியிருக்காத படம், அதுதான் தொடங்குவதற்கு ஏற்றது.

இந்தப் படத்தை நான் சொல்வதற்கு வேறு காரணமும் உண்டு. கதை நடப்பது 1943இல், சென்னையில் ஜப்பான் குண்டு விழுந்த சமயத்தில். எங்கள் மாடியில் இதைப் போட்டபோது, அதற்கு முந்தைய வருஷமே ஜப்பான்காரன் வருகிறான் என்ற பயத்தில் தன் அம்மா சென்னையை விட்டுக் கும்பகோணத்துக்கு ரயிலேறி வந்த கதையை டீச்சரம்மா சொன்னார். வெண்கலப் பானையைக்கூட விடாமல் தூக்கி வந்தார்களாம். இந்தப் பயம் வாய்வழியாகக் காதில் விழுந்தவர்களுக்கு, ரேடியோ இன்ஜினியரான கதாநாயகன் ஜப்பானுக்கு உளவு சொல்வது மன்னிக்கவே முடியாதது. ஆனால் இன்ஜினியரிங் படிக்கும் பையன் ஒருவன் வேறு இடத்தைப் பிடித்துக்கொண்டான். திறமைக்கு இங்கே மதிப்பில்லை என்று குமுறும் அந்த ரேடியோ இன்ஜினியரின் கோபம் தனக்கு நன்றாகப் புரிகிறது என்றான். டீச்சரம்மா விடவில்லை, அவனும் விடவில்லை. படத்தைப் பார்த்ததைவிடப் பேசியது அதிக நேரம். இரண்டு பேரும் சொன்னது படத்தில் இருக்கிறது. அவரவர் வயதுக்கு அது அது கண்ணில் பட்டது.

முடிந்ததும் "படம் எப்படி?" என்று கேட்காதீர்கள். "நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டுவார்கள். "யார் சொன்னதை நீ நம்பினாய்?" என்று கேளுங்கள்.

கேள்வி: மூன்று மணி நேரப் படத்தை உட்கார்ந்து பார்க்க என் தோழியின் மகளுக்கும் அவள் சிநேகிதிகளுக்கும் பொறுமை இல்லை. துண்டு துண்டாகப் போட்டால் படத்துக்கு அவமரியாதை என்கிறார் என் கணவர். உங்கள் கருத்து?
— வாசகி, திருவாரூர்

பதில்: அவமரியாதையே இல்லை அம்மா. டூரிங் டாக்கீஸில் படம் பார்த்தவர்கள் துண்டு துண்டாகத்தான் பார்த்தார்கள். ஆயிரம் அடி படச்சுருள் ஓடி முடியச் சுமார் 11 நிமிஷம். ஊருக்குள் இருந்த தியேட்டர்களில் இரண்டு மெஷின் இருக்கும். ஒன்று முடியும்போது மற்றதை ஓட விடுவோம், பார்ப்பவர்களுக்குத் தெரியாது. டெண்ட் கொட்டகையில் பெரும்பாலும் ஒரே மெஷின். சுருளை மாற்ற வேண்டுமென்றால் விளக்கைப் போட்டே ஆக வேண்டும். மூன்று இடைவேளை விட்ட கொட்டகைகள் உண்டு. முறுக்கு, சோடா, கலர் விற்பவர்கள் ஒவ்வொரு தடவையும் உள்ளே வருவார்கள். மணல் தரையில் உட்கார்ந்திருந்த ஜனங்கள் அதுவரை பார்த்ததைப் பற்றிப் பேசித் தீர்ப்பார்கள்.

ஆகவே நீங்களும் விளக்கைப் போடுங்கள். எங்கே நிறுத்துவது என்பதை மட்டும் முன்பே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். 'தில்லானா மோகனாம்பாள்' (1968) என்றால், வாணவெடிச் சத்தத்தால் கோபித்துக்கொண்டு நாதஸ்வர வித்வான் சண்முகசுந்தரம் வாசிப்பை நிறுத்துகிறாரே, அங்கே முதல் நிறுத்தம் வைக்கலாம். அந்தக் கோபம் நியாயமா என்று கேட்டால் போதும், வீடே இரண்டாகப் பிரியும். ரயில் காட்சி முடிந்ததும் இரண்டாவது. 'நலந்தானா' பாட்டுக்கு முன்னால் நிறுத்தாதீர்கள். காயம்பட்ட சண்முகசுந்தரத்தை நாலு பேர் முன்னால் நேரே விசாரிக்க முடியாத நாட்டியக்காரி மோகனாம்பாள், ஆட்டத்திலேயே விசாரிக்கிறாள். அந்தத் தவிப்பு அறுபடாமல் வந்து சேர வேண்டும்.

எங்கள் குழுவில் தவில் வாசிக்கிற நண்பர் ஒருவர் இருக்கிறார். டி.எஸ். பாலையா தவிலோடு வரும்போதெல்லாம் படத்தை நிறுத்தச் சொல்லி, வலது கை விரல்களில் மாட்டும் கூடு, இடது கையில் பிடிக்கும் கழி எல்லாவற்றையும் விளக்கினார். நாதஸ்வரம் உண்மையில் வாசித்தவர்கள் எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள் என்பதையும் அவர்தான் சொன்னார். வீட்டுக்குப் போன பிறகு அவர்களுடைய வாசிப்பைத் தேடிக் கேட்டதாகக் கீபோர்டு வாசிக்கும் பையன் மறுநாள் சொன்னான். இப்படி ஒருவர் பக்கத்தில் இருந்தால் படம் நான்கு மணி நேரம் ஆனாலும் ஆகட்டும்.

கேள்வி: எங்களோடு படம் பார்க்க வரும் மாமா எல்லா வசனத்தையும் நடிகர்களுக்கு முன்னால் சொல்லிவிடுகிறார். எப்படித் தடுப்பது?
— வாசகர், சேலம்

பதில்: முதலில் அவருக்கு எப்படி அத்தனையும் தெரிந்தது என்று கேட்டுப் பாருங்கள். அந்தத் தலைமுறையில் பலருக்குப் படம் கண்ணைவிடக் காது வழியாகத்தான் அதிகம் போயிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ரேடியோவில் ஒலிச்சித்திரம், அதாவது படத்தின் ஒலி மட்டும். கல்யாண வீட்டிலும் கோயில் திருவிழாவிலும் குழாய் ஒலிபெருக்கியில் 'வீரபாண்டிய கட்டபொம்மன்', 'திருவிளையாடல்' வசனங்கள். நாகேஷின் தருமியைத் திரையில் பார்ப்பதற்கு முன்னாலேயே மனப்பாடமாகச் சொன்ன பிள்ளைகளை எனக்குத் தெரியும். உங்கள் மாமா தொந்தரவு கொடுக்க நினைக்கவில்லை. அவருக்குப் படம் பார்ப்பது என்றாலே கூடச் சொல்வதுதான்.

வழி இருக்கிறது. ஒரு காட்சியை அவருக்கென்று ஒதுக்குங்கள். ஒலியை அணைத்துவிட்டு அவரையே பேசச் சொல்லுங்கள். எங்கள் மாடியில் தருமி காட்சியை இப்படி ஒருவர் பேசினார். பிறகு அதே காட்சியை ஒலியோடு பார்த்தோம். நாகேஷ் எங்கே மூச்சு விடுகிறார், எந்தச் சொல்லை விழுங்குகிறார் என்பதெல்லாம் அப்போதுதான் எங்களுக்குக் கேட்டது. மற்ற காட்சிகளில் அவர் தானாகவே அமைதியாக இருந்தார்.

கேள்வி: நண்பருக்குக் காது கொஞ்சம் மந்தம். சத்தத்தைக் கூட்டினால் இளையவர்கள் முகம் சுளிக்கிறார்கள்.
— வாசகர், புதுக்கோட்டை

பதில்: மொத்தச் சத்தத்தைக் கூட்டாதீர்கள், ஸ்பீக்கரை அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் வையுங்கள். வசனம் திரையில் எழுத்தாகவும் வரும் (சப்டைட்டில்) பிரதி கிடைத்தால் எல்லோருக்கும் நல்லது. பழைய ஒலித்தடத்தில் இளையவர்களுக்கும் பல சொற்கள் பிடிபடுவதில்லை.

கேள்வி: எனக்கு 19 வயது. அத்தையும் அவருடைய தோழிகளும் என்னையும் தோழியாகவே நடத்துவார்கள். அவர்களோடு 'பட்டிக்காடா பட்டணமா' பார்த்தேன். கணவன் மனைவியை அடித்துத் திருத்துவதைப் பார்த்து எனக்குக் கோபம் வந்து எழுந்துவிட்டேன். "அந்தக் காலம் அப்படி" என்றார்கள். நான் எழுந்தது தப்பா?
— கல்லூரி மாணவி, மதுரை

பதில்: கோபப்பட்டது தப்பே இல்லை அம்மா. எழுந்து போனதில்தான் எனக்கு வருத்தம். நீ இருந்து பேசியிருக்க வேண்டும்.

1972இல் வசூலை அள்ளிய படம் அது. அந்த ஆண்டின் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதும் வாங்கியது. அந்தக் காட்சிக்கு விசில் பறந்தது, நான் மெஷின் அறையின் துவாரம் வழியாகப் பார்த்திருக்கிறேன். ஆனால் விசில் அடித்தவர்கள் மட்டுமா அரங்கில் இருந்தார்கள்? எங்கள் குழுவில் தையல் வேலை செய்யும் அம்மா ஒருவர் இருக்கிறார், அறுபது தாண்டியவர். உன்னைப் போலவே ஒரு பெண் கேள்வி கேட்டபோது அவர் மெதுவாகச் சொன்னார்: "எனக்கும் அன்னைக்கே பிடிக்கல. எல்லாரும் கைதட்டினாங்க. நான் யார்கிட்ட சொல்றது?" அத்தனை வருஷம் அவருக்குள் கிடந்ததை வெளியே கொண்டு வந்தது அந்தச் சின்னப் பெண்ணின் கேள்விதான். உன் அத்தையின் தோழிகளிலும் அப்படி ஒருவர் இருக்கக்கூடும். "அந்தக் காலம் அப்படி" என்று சொன்னால் அவருடைய வாயும் சேர்ந்து அடைபடுகிறது.

பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒரு படத்தைக் குறை சொன்னால் உங்களையே குறை சொன்னதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சிவாஜியின் நடையை ரசித்துக்கொண்டே அந்தக் கதையை ஏற்காமல் இருக்க ஒருவரால் முடியும். என்னால் முடிகிறது.

அத்தையிடம் அடுத்ததாக 'அவள் அப்படித்தான்' பார்க்கலாம் என்று கேள். சி. ருத்ரையா இயக்கியது, 1978. பெண்களைப் பற்றி ஆவணப்படம் எடுக்கும் கமல், பெண்களைத் துச்சமாகப் பேசும் ரஜினி, யாருக்கும் பிடிகொடுக்காத ஸ்ரீப்ரியா. முந்தைய படத்துக்கும் இதற்கும் நடுவில் ஆறே வருஷம். அதே தியேட்டர்கள், அதே ஜனங்கள். "அந்தக் காலம்" என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிட முடியாது என்பது அப்போது அவர்களுக்கும் தெரியும், உனக்கும் தெரியும். கமலின் கதாபாத்திரம் நல்லவரா இல்லையா என்பதில் மட்டும் உங்களுக்குள் சீக்கிரம் முடிவு வராது. நான் அவரை நல்லவர் என்று ஒப்புக்கொள்ளவில்லை.

கேள்வி: என் தாத்தாவின் நண்பருக்குத் தமிழின் முதல் பேசும் படத்தைப் பரிசாகப் போட்டுக் காட்ட ஆசை. எங்கே கிடைக்கும்?
— வாசகர், நெய்வேலி

பதில்: கிடைக்காது. 1931இல் வந்த 'காளிதாஸ்' படத்தின் பிரதி எதுவும் எஞ்சவில்லை. அந்தக் காலத்து நைட்ரேட் சுருள் சுலபத்தில் தீப்பிடிக்கும், நாளானால் தானாகவே நொறுங்கும். புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் தொடங்கியதே 1964இல்தான். அதற்குள் எத்தனையோ போய்விட்டன. நினைத்தால் எனக்குத் தாங்காது. அந்தப் பெரியவருக்கு 'ஹரிதாஸ்' (1944) போட்டுக் காட்டுங்கள், கிடைக்கிறது. சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்ட படம். தியாகராஜ பாகவதர் பாடும்போது பெரியவரும் பாடுவார், கைப்பேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: வயது 71. என்னோடு படம் பார்க்கும் இளம் நண்பர்கள் இந்த மாதம் "பழைய படம்" என்று 'கில்லி'யைக் கொண்டு வந்தார்கள். அதெல்லாம் பழைய படமா? நான் மறுத்துவிட்டேன்.
— வாசகர், திருச்சி

பதில்: மறுக்காதீர்கள் ஐயா. 'கில்லி' வந்தது 2004இல். இன்று இருபது வயதில் இருப்பவருக்கு அது பிறந்த காலத்துப் படம். உங்களுக்கு 'பராசக்தி' (1952) எப்படியோ, ஏறக்குறைய அப்படி. 2024இல் மறுபடி திரையிட்டபோது பிள்ளைகள் அரங்கில் எழுந்து நின்று வசனம் சொன்னார்கள். திருவிழா ஒலிபெருக்கிக்கு முன்னால் நாம் செய்ததைத்தான் அவர்களும் செய்தார்கள்.

எங்கள் மாடியிலும் அதைப் போட்டோம். கபடி, துரத்தல், பிரகாஷ்ராஜ் என்று பிள்ளைகள் ஒரே ஆரவாரம். படம் முடிந்ததும் டீச்சரம்மா கேட்டார்: "வில்லன் அந்தப் பொண்ணோட அண்ணன்க ரெண்டு பேரையும் கொன்னுட்டானே, அவ உட்கார்ந்து அழறதுக்கு இந்தக் கதையில ஒரு இடம்கூட இல்லையே?" படத்தைத் தலைகீழாக ஒப்பிப்பவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அதை அவர்கள் யோசித்ததே இல்லை. அன்று இரவே ஒருவன் திரும்ப ஓட்டிப் பார்த்துவிட்டு டீச்சரம்மாவுக்குப் போன் செய்து பேசியிருக்கிறான்.

நீங்கள் இல்லாமல் அவர்கள் அந்தப் படத்தைப் பார்த்தால் இப்படி ஒரு கேள்வி எங்கிருந்து வரும்? எங்களிடம் ஒரே ஒரு விதிதான். மாதம் ஒருவர் படம் தேர்ந்தெடுப்பார், மற்றவர்கள் மறுக்கக் கூடாது, பாதியில் எழக் கூடாது. வருகிற ஞாயிற்றுக்கிழமை அவர்களைக் கூப்பிட்டு 'கில்லி'யைப் போடச் சொல்லுங்கள். அதற்கு அடுத்த மாதம் உங்கள் முறை.